ஒன்றரை முழம் பாட்டு

சாப்பாட்டு மணி அடித்ததும் எங்கள் பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் இருக்கும் பெண்கள் எல்லோரும் செல்போனை எடுப்பார்கள். நான் செல்போனோடு ஒரு நோட்டையும் எடுப்பேன். டிபன் பாக்ஸை ஐந்து நிமிடத்தில் காலி செய்துவிட்டு, காதில் வயரைச் செருகி, ஒரு புதுப் பாட்டைப் போட்டு, நிறுத்தி, ஒரு வரி எழுதி, மறுபடி போட்டு, மறுபடி நிறுத்தி எழுதுவேன். சித்திரை பிறந்துவிட்டால் எனக்கு வேலை அதிகம். கோடை விடுமுறைக்கு வரப்போகும் படங்களின் பாட்டுகள் ஒவ்வொன்றாக வெளியாகும். இப்போது படமே இல்லாமல் நாலைந்து பையன்கள் சேர்ந்து ஒரு குழுவாகப் பாட்டுப் போட்டு அதையும் விடுகிறார்கள். அதில் இரண்டு குழுக்களை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆடி வருவதற்குள் எப்படியும் இருபது பாட்டாவது எழுதி முடித்துவிடுவேன். ஒரு வருடம்கூட விட்டதில்லை.

எனக்குப் பக்கத்தில் பீஸ் பார்க்கும் தேனிப் பெண்ணுக்கு இது பெரிய வேடிக்கை.

"எந்தப் பரிச்சைக்குக்கா இம்புட்டு எழுதுறீக?"

"சும்மா கண்ணு."

"இந்தா, போன்லயே வரி வரியா வருதுல்ல. அதப் பாத்தாப் போதாதா?"

"அதுல பாதி தப்பா இருக்குது. அப்புறம், புல்லாங்குழல் எங்க வருதுன்னு அதுல போடறதில்ல."

அவள் சிரித்துவிட்டு மற்றவர்களிடம் போய் அதைச் சொன்னாள். இப்போது கம்பெனியில் எனக்குப் புல்லாங்குழல் அக்கா என்று பெயர். நான் பேசத் தெரியாதவள். எட்டாவதோடு படிப்பும் நின்றுவிட்டது. நாலு பேர் நடுவில் ஒரு விஷயத்தை ஆரம்பித்து முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிடும். அதனால் அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பாட்டுக் கேட்கும்போது டேப் ரிக்கார்டரின் மேல் ஒரு கையை வைத்துக்கொள்வார். உடம்பு சுடுகிறதா என்று குழந்தையின் நெற்றியில் கை வைப்பதுபோல இருக்கும். பாட்டு முடிந்த பிறகுதான் கையை எடுப்பார். எனக்கு அப்போது பதினோரு வயது. பாட்டின் மேல் அவ்வளவு பிரியம் உள்ளவர்கள் அப்படித்தான் கேட்பார்கள் என்று நினைத்து, அவர் இல்லாத நேரத்தில் நானும் அப்படிக் கையை வைத்துக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். உள்ளங்கை கூசியதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

மாமா பதினாறு வயதிலிருந்து சோமனூரில் ஒரு தறிக்குடோனில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு முப்பது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. சனிக்கிழமை பொழுதோடு பஸ் ஏறி, திருப்பூரில் எங்கள் லைன் வீட்டுக்கு வந்துவிடுவார். டேப் ரிக்கார்டர் அவருடையதுதான் என்றாலும் எங்கள் வீட்டில்தான் இருந்தது. சோமனூர் அறையில் ஆறு பேர் தங்கியிருந்தார்கள், அதில் இரண்டு பேர் பாட்டு ஓடும்போதே பேசுகிற ஆட்கள், அவர்கள் இருக்கும் இடத்தில் இதை வைப்பது பாவம் என்பார். எங்கள் வீட்டிலும் அதைத் தொட எனக்கு மட்டும்தான் அனுமதி. தொடுவதற்கு முன் கையைக் கழுவித் துடைக்க வேண்டும். கேசட்டைப் பென்சிலால் சுற்றிப் பின்னுக்குக் கொண்டுவந்து, டப்பாவில் போட்டுத்தான் எடுத்து வைக்க வேண்டும்.

மாமாவின் காது எங்கள் தெருவில் பேர் பெற்றது. எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு வந்த தாராபுரத்து ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் ஒரு பாட்டின் நடுவில் வரும் புல்லாங்குழலை விட்டுவிட்டு நேராகச் சரணத்துக்குப் போய்விட்டார்கள். கூட்டத்தில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. மாமா மட்டும் எழுந்து மேடைப் படியேறி, "ஏனுங்க, புல்லாங்குழல் வாசிக்கறவருக்குச் சோறு போடலீங்களா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. குழுவின் தலைவர் மைக்கிலேயே மன்னிப்புக் கேட்டு அந்தப் பாட்டை முதலிலிருந்து வாசித்தார். அன்றிலிருந்து அந்தக் குழு மாமாவின் குழு ஆனது. கோயமுத்தூர்க் குழு ஒன்றுக்குக் கலர் லைட்டும் புகை விடும் மெஷினும் இருந்தன. அதைப் பற்றி யாராவது பேசினால், "அது லைட்டுக் கச்சேரிங்க. நம்முளுது பாட்டுக் கச்சேரி" என்பார்.

மாமா எப்போதும் சத்தமாகத்தான் பேசுவார். யார் பேசினாலும் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். தறிக்குடோனில் அத்தனை தறிகள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. உதட்டைப் பார்த்தும் கைச்சாடையிலும்தான் பேசிக்கொள்வார்கள். சோமனூர்க்காரர்கள் எல்லோருமே இப்படி முகத்தைப் பார்த்துக் கத்திப் பேசுகிறவர்கள் என்று நான் நினைத்து வைத்திருந்தேன். அந்த ஊரில் வாழ்க்கைப்படக் கூடாது என்றும் முடிவு செய்திருந்தேன்.

அந்த வருடம் சித்திரை மாதத்தில், சனிக்கிழமைக்குக் காத்திராமல் ஒரு திங்கட்கிழமையே மாமா துணிப்பையோடு வந்து நின்றார்.

"என்ன தம்பி, கெழமை மாறி வந்திருக்கற?" என்றாள் அம்மா.

"லீவு போட்டுட்டனுங்கக்கா. ஒரு மாசம்."

"ஒரு மாசமா? முதலாளி சும்மா உட்டாரா?"

"இந்த வருசத்துப் பாட்டு பூராவும் கேக்கோணுமுங்க. நோம்பி முடிஞ்சுதான் மத்ததெல்லாம்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அந்தப் பதில் மிகவும் நியாயமாகப் பட்டது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள். எனக்கு லீவு இருக்கும்போது மாமாவுக்கும் இருக்கலாம்தானே.

அந்தக் கோடையில் எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கேசட் ஒன்று இருந்தது. முன் பக்கம் ஒரு படத்தின் ஐந்து பாட்டு, பின் பக்கம் இன்னொரு படத்தின் ஐந்து பாட்டு. திருப்பூர்க் கடைகளுக்கு வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். மாமா இரண்டு நாள் பொறுக்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு காலை பஸ்ஸிலேயே கோயமுத்தூர் போனார். கேசட் கடைக்காரர் அலமாரியைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு, "பார்சல் இன்னும் பிரிக்கலீங்க. நாலு மணிக்கு வாங்க" என்றார். மாமா அசையாமல் அங்கேயே நின்றார். கடைக்காரர் திரும்பிப் பார்த்து, "சொன்னனே, கேக்கலீங்களா?" என்றார்.

மாமா சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்நியர்கள் முன்னால் வாயைத் திறப்பது எனக்குச் சாவது மாதிரி. வேறு வழியில்லாமல், "நாலு மணிக்குத்தானாமுங்க மாமா" என்று முனகினேன்.

"மூஞ்சியத் தூக்கிச் சொல்லு அம்மிணி."

தூக்கிச் சொன்னேன்.

"நாலு மணிக்குத்தான? நாளைக்கு நாலு மணின்னாலும் நிக்கறனுங்க" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, எதிரே ஒரு பந்தல் நிழலில் என்னை உட்கார வைத்துவிட்டு, நாலு மணி வரை கடை வாசலிலேயே நின்றார். பார்சல் பிரித்ததும் முதல் கேசட் எங்களுக்குத்தான் கிடைத்தது. பஸ்ஸில் வரும்போது அதை என் மடியில் வைத்து, "கெட்டியாப் புடிச்சுக்க" என்றார். திருப்பூர் வரும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாளே எனக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று வந்தது.

"நோம்பிக்குள்ள இந்தப் பத்துப் பாட்டையும் எழுதிப் போடோணும் அம்மிணி. வரி மட்டும் பத்தாது. எந்த எடத்துல எந்த வாத்தியம் வருதுன்னு ஓரத்துல குறிச்சு வைக்கோணும்."

"எதுக்குங்க மாமா?"

"தாராபுரத்துக்காரன் ஒண்ண உட்டாலும் புடிச்சுருலாமுல்ல."

"நீங்களே எழுதலாமுல்லங்க?"

"என்ற கையெழுத்து எனக்கே தெரியாது. நீ பள்ளிக்கூடத்துல படிக்கற புள்ள."

அவருடைய கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அவர் எழுதிய கடுதாசிகளைப் படித்துக் காட்டுவதே நான்தான். பெரியவர்கள் வேலை வாங்குவதற்கு இப்படி ஏதாவது சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

எழுதும்போது மாமா எதிரில் உட்கார்ந்துகொள்வார். சத்தத்தை முழுதாகத் திருகி வைப்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரைத் தட்டுவார்கள். அம்மா வந்து குறைத்துவிட்டுப் போவாள். அவள் அந்தப் பக்கம் போனதும் மாமா மறுபடி திருகுவார். பாட்டு ஓடும்போது திடீரென்று விரலை நீட்டி, "இப்ப என்ன வாத்தியம், சொல்லு பாக்கலாம்" என்பார். நான் "வீணைங்க" என்பேன். "இப்ப?" "புல்லாங்குழலுங்க." "இப்ப?" "ஒண்ணுமில்லீங்க, அந்தம்மா மட்டும் பாடுது." அவர் ஒவ்வொரு பதிலுக்கும் வாத்தியார் மாதிரித் தலையாட்டுவார். ஒரு முறைகூடத் தப்பு என்று சொன்னதில்லை. நான் அவ்வளவு கெட்டிக்காரியாக இருக்கிறேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் அப்படி இல்லை.

பின் பக்கம் ஐந்து பாட்டும் முடிந்தன. முன் பக்கத்திலும் இரண்டு முடிந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கோயமுத்தூரில் ஒருத்தரைப் பார்க்க வேண்டும், வியாழக்கிழமை வந்துவிடுவேன் என்று மாமா கிளம்பினார். "வரதுக்குள்ள மூணாவது பாட்ட முடிச்சுப் போடு" என்றார். இருந்ததிலேயே அவருக்கு மிகவும் பிடித்தது அந்த மூன்றாவது பாட்டுதான்.

அம்மா அப்போது கம்பெனியிலிருந்து பனியன் கட்டுகளை வீட்டுக்கு வாங்கிவந்து பிசிறு வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எனக்கும் ஒரு கட்டு கொடுத்திருந்தாள். ஒரு கையில் பிசிறு வெட்டும் சின்னக் கத்தரி, இன்னொரு கையில் பேனா. ஒரு வரி கேட்பது, நிறுத்துவது, எழுதுவது, நாலு பனியனுக்குப் பிசிறு வெட்டுவது, பின்னுக்கு ஓட்டி மறுபடி கேட்பது. இப்படி ஐம்பது தடவை நிறுத்தி ஓட்டிக் கடைசி வரி வரை எழுதிவிட்டு, சரிபார்க்கப் பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டதும் டேப் ரிக்கார்டருக்குப் பொறுமை போய்விட்டது. பாட்டு இழுபட்டது. கிழவன் குரலில் ஒரு வார்த்தை வந்தது. பிறகு கரகரவென்று ஒரு சத்தம். மூடியைத் திறந்தால் கேசட்டின் குடல் வெளியே வந்து உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. பதறிப்போய் இழுத்தேன். அறுந்துவிட்டது.

அழுதேனா என்று ஞாபகமில்லை. ஆனால் இதை யாருக்கும் தெரியாமல் சரி செய்தே தீருவது என்று அந்த நிமிடமே முடிவு செய்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கோயமுத்தூர்க் கடை வாசலில் நாலு மணி வரை நின்ற மாமாவின் கால்கள் கண்ணுக்கு முன்னால் வந்தன.

எங்கள் வீட்டில் அறுந்து போகும் பொருள் என்றால் நூல்தான். அறுந்ததை என்ன செய்வது என்று பிறந்ததிலிருந்து பார்த்து வந்திருக்கிறேன். அம்மா கல்யாணத்துக்கு முன்னால் நூலைக் கோனில் சுற்றும் வேலை பார்த்தவள். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போட்டு, வாலை வெட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். நானும் அதையே செய்தேன். நசுங்கிக் கசங்கிய நாடாவைக் கத்தரியால் வெட்டி எடுத்தேன். கையால் அளந்து பார்த்ததில் ஒன்றரை முழம் இருந்தது. மிச்சமிருந்த இரண்டு முனைகளையும் சேர்த்து, கோன் நூலுக்குப் போடும் அதே முடிச்சைப் போட்டு, வாலை ஒட்ட வெட்டினேன். அழகான முடிச்சு. அம்மா பார்த்திருந்தால் மெச்சியிருப்பாள். ஆனால் ஓடவிட்டதும் முடிச்சு வந்த இடத்தில் கேசட் நின்றுவிட்டது.

சரி, முடிச்சு ஆகாது. அதை வெட்டி எறிந்துவிட்டு, பனியன் பாக்கெட்டை ஒட்டுகிற செல்லோ டேப்பை எடுத்தேன். ஒட்டுவதற்கு முன்னால் நாடாவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் பளபளவென்று இருந்தது. இன்னொரு பக்கம் மங்கலாக, பழுப்பாக இருந்தது. இதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பனியன் துணிக்கும் இரண்டு பக்கம் உண்டு. வழவழவென்று இருப்பது நல்ல பக்கம், அது வெளியே வர வேண்டும். மங்கிச் சொரசொரவென்று இருப்பது உள் பக்கம், அது உடம்போடு போக வேண்டும். திருப்பித் தைத்துவிட்டால் பீஸ் திரும்பி வந்துவிடும். எங்கள் தெருவில் நாலு வயதுக் குழந்தைக்கும் இது தெரியும். ஒரு முனை எப்படியோ திரும்பிக் கிடக்கிறது என்று நினைத்து, அதைத் திருப்பி, பளபளப்பான பக்கம் வெளியே தெரியும்படி கவனமாக ஒட்டினேன்.

நாடாவில் பாட்டு இருப்பது அந்த மங்கலான பக்கத்தில்தான், பளபளப்பது வெறும் முதுகு என்று பல வருடம் கழித்து ஒரு ரேடியோ மெக்கானிக் சொன்னார். அது திரும்பிக்கொண்டால், மறுபக்கத்துப் பாட்டு முதுகு வழியாகப் பின்னாலிருந்து முன்னால் ஓடுமாம்.

நான் கேட்டது அதைத்தான். ஒட்டு வரைக்கும் பாட்டு ஒழுங்காக வந்தது. ஒட்டைத் தாண்டியதும் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ வாயில் துணியை அடைத்துக்கொண்டு பேசுவதுபோல ஒரு சத்தம். எந்த ஊர்ப் பாஷையும் இல்லை. தாளம் மட்டும் தொம் தொம் என்று அடியில் வந்தது. மாமாவின் பாட்டில் பேய் புகுந்துவிட்டது என்றே நினைத்தேன். அம்மா பனியன் கட்டைக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டதால், பென்சிலால் முதலுக்குச் சுற்றி டப்பாவில் போட்டு வைத்தேன். வியாழக்கிழமை வரை நாள் இருக்கிறது, நாளைக்குப் பிரித்து மறுபடி ஒட்டலாம் என்பது என் கணக்கு.

மாமா மறுநாள் புதன்கிழமை மத்தியானமே வந்துவிட்டார். முகம் கறுத்திருந்தது. வெயிலில் நடந்து வந்ததால் இருக்கும் என்று நினைத்தேன். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். மாமா சாப்பிடவில்லை. சட்டையைக்கூடக் கழற்றாமல் டேப் ரிக்கார்டருக்கு முன்னால் உட்கார்ந்து, கேசட்டின் முன் பக்கத்தைப் போட்டு, சத்தத்தை முழுதாகத் திருகி, மேலே கையை வைத்துக்கொண்டார். இன்னொரு கையால் நோட்டை எடுத்துப் பிரித்து மடியில் வைத்தார்.

முதல் பாட்டு ஓடியது. இரண்டாவது பாட்டு ஓடியது. நான் கதவுக்குப் பின்னால் பனியன் கட்டைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது பாட்டு தொடங்கியது. பல்லவி முடிந்தது. ஒட்டு வந்தது.

பேய் பேச ஆரம்பித்தது.

கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். அடி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கண்ணைத் திறந்தால், மாமா தலையாட்டிக்கொண்டிருந்தார். ஒரு விரல் நோட்டின் வரிகளின் மேல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் நான் எழுதியிருந்த குறிப்பில் விரல் நின்றது.

"இந்த எடம் பாரு அம்மிணி. புல்லாங்குழல் எப்படி எழைஞ்சு போவுது பாரு."

கிணற்றுக்குள்ளிருந்து தொம் தொம் என்று மட்டும் வந்துகொண்டிருந்தது.

"ஆமாங்க மாமா" என்றேன்.

அப்போதுதான் அம்மா வந்தாள். இடுப்பில் குடத்தோடு நிலைப்படியில் நின்றாள். உள்ளே வரும்போதே, "என்னடி இது கரு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். டேப் ரிக்கார்டரைப் பார்த்தாள். கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தாள். பெட்டியின் மேல் இருந்த கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். குடத்தை மெதுவாக இறக்கி வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். குடம் தளும்பி முகத்தில் பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

பிறகு மாமாவுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, அவர் தோளைத் தொட்டாள். மாமா கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா இருக்குதா தம்பி?"

"அருமைங்கக்கா. இந்த வருசத்துலயே இதுதான் பாட்டு."

"கேளு சாமி. நல்லாக் கேளு."

பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டினார்கள். அம்மா அன்றைக்குச் சத்தத்தைக் குறைக்கவில்லை.

சாயங்காலம் மாமா டீ குடிக்க வெளியே போனதும் அம்மா என்னைக் கூப்பிட்டாள். "என்ன பண்ணுன?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். முடிச்சுப் போட்டதைச் சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே மறுபடி முகத்தைத் துடைத்தாள். இருவரும் கேசட்டை எடுத்து, பென்சிலால் சுற்றி ஒட்டைத் தேடிப் பிடித்தோம். "நூலுன்னா எனக்குத் தெரியும். இதுல எது நல்ல பக்கம்னு யாரு கண்டா? திருப்பி ஒட்டிப் பாரு" என்றாள். திருப்பி ஒட்டினோம். பாட்டு திரும்பி வந்தது. பல்லவி முடிந்து வரும் வீணையில் ஒரு துண்டு இல்லை, அவ்வளவுதான்.

"மாமன்கிட்ட இதப் பத்தி ஒண்ணும் சொல்லிப் போடாத" என்றாள் அம்மா. என்னைக் காப்பாற்றுகிறாள் என்று நினைத்து, அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் சொன்ன வேலையெல்லாம் செய்தேன். மாமாவைப் பற்றி வேறு விதமாக முடிவு செய்திருந்தேன். அவர் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார், குழந்தை பயப்படக் கூடாது என்று ஒன்றும் தெரியாததுபோல நடிக்கிறார். ஒரு புல்லாங்குழலை விட்டதற்கு மேடையேறியவர் என்னை மன்னித்தது எனக்குப் பெருமையாக இருந்தது. அதற்குக் கைம்மாறாக நோம்பிக்குள் மிச்சப் பாட்டுகளை எழுதி முடிப்பது என்று ராப்பகலாக உட்கார்ந்தேன். முடித்தேன். பத்துப் பாட்டும், ஓரத்தில் வாத்தியங்களும்.

தறிச் சத்தம் மாமாவின் காதைப் பதினாலு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் கோயமுத்தூரில் பார்த்தது காது டாக்டரை. இருப்பதும் இந்த வருடத்துக்குள் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் வீட்டில் வாய்விட்டுப் பேசப்பட்டபோது நான் ஏழாவது முடித்திருந்தேன். பிறகு மெஷின் வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார்கள். தெருவில் போகும் லாரிச் சத்தம் பெரிதாகக் கேட்டது, பாட்டு வரவில்லை என்று கழற்றி வைத்துவிட்டார். இன்றைக்கும் சோமனூரில்தான் இருக்கிறார். சித்திரை பிறந்தால் அவருடைய செய்தி என் போனுக்கு வந்துவிடும்: இந்த வருசம் என்ன பாட்டு அம்மிணி? எழுதி முடித்த பக்கங்களை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் படம் பிடித்து அனுப்புகிறேன். வாத்தியம் குறிக்க மறந்தால் கேள்வி வந்துவிடும்.

ஆனால் பதினோரு வயதில் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. நோம்பி அன்று பொழுது சாயும்போதே மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போய் மேடைக்குப் பக்கத்தில், ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பக்கத்தில் வேறு ஒருவரும் உட்காரவில்லை. கூட்டம் முழுக்க எங்களுக்குப் பின்னால் இருந்தது. என் வகுப்புப் பெண்கள் என்னைக் காட்டிச் சிரிப்பது தெரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமா ஒரு கையைப் பெட்டியின் மேல் வைத்தார். நோட்டை என் மடியில் பிரித்து வைத்து, "எந்த வரி போகுதோ அதுல வெரல வையி" என்றார். கேசட்டை அறுத்ததற்கான தண்டனை இதுதான் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. தண்டனையை ஒழுங்காக அனுபவித்தேன். ஒரு வரி தப்பாமல் விரலை நகர்த்தினேன். புல்லாங்குழல் வரும் இடத்தில் இரண்டு தட்டுத் தட்டினேன். தாராபுரத்துக்காரர்கள் அன்று எதையும் விடவில்லை.

ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் நான் கை தட்டினேன். நான் தட்டத் தொடங்கியதும் மாமாவும் தட்டினார். நல்ல பாட்டு எது என்று முடிவு செய்யும் உரிமையை எனக்கே விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா எட்டரைக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தாள். நான் இருந்து கேட்ட கடைசிப் பாட்டு அந்த மூன்றாவது பாட்டுதான். அது தொடங்குவதற்கு முன்னால் மாமா இரண்டு சேமியா ஐஸ் வாங்கிவந்தார். இரண்டையும் என்னிடம் கொடுத்துவிட்டு, இந்தப் பாட்டு தனக்கே தெரியும் என்று சொல்லி நோட்டை மூடிவிட்டார். பெட்டியின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பல்லவிக்குப் பிறகு நான் வெட்டி எறிந்த வீணைத் துண்டு முழுசாக வந்தது. வெட்டிய கேசட்டையே கேட்டுப் பழகியிருந்ததால் எனக்கு மட்டும் அது புதிதாக இருந்தது.

பாட்டு முடிந்தது. பின்னால் கூட்டம் முழுவதும் எழுந்து கை தட்டியது. விசில் பறந்தது. என் இரண்டு கையிலும் ஐஸ் இருந்ததால் நான் தட்டவில்லை. மாமா கண்ணைத் திறந்து, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கி வைத்துக்கொண்டு, தட்டாமல், என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஐஸ் உருகி என் விரலில் ஒழுகிக்கொண்டிருந்தது. அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து நீட்டினேன்.